22 சென்டிமீட்டர் கல்

ஆனைமலை அடிவாரத்தில் இருக்கும் சித்தப்பாவின் தோப்புக்குப் போகிற வழியில் ஒரு கல் இருக்கிறது. மண் பாதை ஓடைக்குள் இறங்கி மறுகரையில் ஏறும் இடத்தில், இரண்டு சக்கரத் தடங்களுக்கும் இடையே, ஒரு பக்கமாகத் தள்ளி, பாதி புதைந்து கிடக்கும் கருங்கல். டிராக்டர் அதைக் கண்டுகொள்ளாது. தோண்டி எடுத்துவிடலாமே என்று கேட்பீர்கள். முயன்று பார்த்தாயிற்று, அடியில் பாறையோடு பாறையாக ஓடுகிறது. தடம் ஆழமாக இருப்பதால் வண்டியை ஒதுக்கிப் போகவும் இடமில்லை. டேப் வைத்து அளந்ததில், தடத்திலிருந்து அதன் உச்சி 22 சென்டிமீட்டர்.

டயர் பற்றி நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்தக் கல்லில் தொடங்கியது. தூக்கிய வண்டிக்கு, அதாவது ‘லிஃப்ட்’ போட்டு உயர்த்திய வண்டிக்கு, பெரிய டயர் போடலாமா, எந்த அளவு போடலாம் என்று நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று தோன்றியது.

என்னுடையது மாருதி ஜிப்ஸி கிங், 1.3 லிட்டர் பெட்ரோல். முன்னும் பின்னும் முழு அச்சு, நான்கு மூலையிலும் லீஃப் ஸ்பிரிங் பட்டைகள். பழைய வண்டியாக வாங்கினேன். முன்பு வைத்திருந்தவர் வளைவு கூடிய பட்டைகளும், பட்டையின் நுனியைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாகவும் போட்டு இரண்டு அங்குலம் தூக்கியிருந்தார். டயர் மட்டும் பழைய 205/70 ஆர்15 அளவிலேயே இருந்தது. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே ஒரு பூசணிக்காயை வைக்கலாம். ஒல்லியான ஆள் வேட்டியை மடித்துக் கட்டி நிற்பது போலத் தெரியும். அதனால் என்ன, இரண்டு அங்குலம் உயரமான வண்டி, தோப்புப் பாதையில் கவலை இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் முதல் தடவை ஓடையில் இறங்கினேன்.

ஏறும்போது அடியில் ‘டங்’ என்று ஒரு சத்தம். வண்டியே ஒரு கணம் நின்று நகர்ந்தது.

கீழே படுத்துப் பார்த்தேன். அச்சில் உருண்டையாகப் புடைத்திருக்கும் கியர் பெட்டியான டிஃப்ரன்ஷியலின் அடிவயிற்றில் வெள்ளையாக ஒரு கீறல். திரும்பி வரும்போது அதே கல் இடிக்கவில்லை. ஜிப்ஸியின் டிஃப்ரன்ஷியல் அச்சின் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கிறது. போகும்போது கல் இருக்கும் பக்கம் அது, வரும்போது எதிர்ப்பக்கம். உங்கள் வண்டியில் அது எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால், இன்றைக்கே ஒரு கோணியை விரித்துப் படுத்துப் பார்த்துவிடுங்கள். எந்த டயரை வாங்குவதைவிடவும் அது உபயோகமான காரியம்.

பொள்ளாச்சியில் ஜிப்ஸிகளையும் பழைய ஜீப்புகளையும் மட்டுமே பார்க்கிற ஒரு மெக்கானிக் அண்ணனிடம் வண்டியைக் கொண்டு போனேன். குனிந்து ஒரு பார்வை பார்த்தார். “வண்டிய மட்டும் தூக்கிப் போட்டு அச்ச அங்கயே உட்டுட்டாங்க தம்பி. இடிக்காம என்ன பண்ணும்?” என்றார்.

விஷயம் முழுவதும் அந்த வாக்கியத்தில் இருக்கிறது. பட்டையை மாற்றினாலும், ஷாக்கிளை நீட்டினாலும், சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைத்தாலும், உயர்வது அச்சுக்கு மேலே இருப்பவைதான். அச்சு டயரின் மேல் நிற்கிறது. தரைக்கும் அச்சுக்கும் உள்ள தூரம் டயரின் ஆரம். அதை மாற்ற டயரால்தான் முடியும். ஜிப்ஸிக்கு நிறுவனம் சொல்லும் தரை இடைவெளி 210 மில்லிமீட்டர். இரண்டு அங்குலம் தூக்கிய என் வண்டியிலும் டிஃப்ரன்ஷியலுக்கு அடியில் அதே 21 சென்டிமீட்டர்தான் இருந்தது. கல் 22. கணக்கு சரியாகத்தான் இடித்திருக்கிறது.

அப்படியானால் லிஃப்ட் எதற்கு? பெரிய டயருக்கு இடம் ஒதுக்கத்தான் பெரும்பாலும். மேட்டில் ஏறும்போது பம்பர் முட்டாமல் இருக்கவும், முதுகுபோன்ற மேட்டைத் தாண்டும்போது சேசிஸ் உட்கார்ந்துவிடாமல் இருக்கவும் அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் தரை இடைவெளி வேண்டும் என்று லிஃப்ட் போடுகிறவர் பாதி வேலைக்கு முழுக் காசு கொடுக்கிறார். ஜிப்ஸியில் பட்டைகள் அச்சுக்கு அடியில் போகின்றன. அவற்றை அச்சுக்கு மேலே மாற்றிக் கட்டினால் சுமார் 5 அங்குலம் உயரும் என்று அதைச் செய்கிறவர்களும் உண்டு. அப்போதும் டிஃப்ரன்ஷியல் அங்கேயேதான் இருக்கும். நீள ஷாக்கிள் போட்டால் இன்னொரு வினை: ஷாக்கிளில் இரண்டு அங்குலம் கூட்டினால் அச்சுக்கு நேரே ஒரு அங்குலம்தான் வண்டி உயரும், கூடவே முன் அச்சு லேசாகச் சுழன்று ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்ப உதவும் கேஸ்டர் கோணம் மாறிவிடும். என் வண்டி 70-க்கு மேல் போனால் ரோட்டில் அலைந்ததற்கும், வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேராகத் திரும்பாததற்கும் காரணம் அதுதான்.

சரி, டயரை மாற்றுவோம் என்று முடிவு செய்தேன். பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்களை வைத்து எவரும் கணக்குப் போடலாம். 205/70 ஆர்15 என்றால் அகலம் 205 மி.மீ.; பக்கச் சுவரின் உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 143.5, ரிம் 15 அங்குலம், அதாவது 381. மேலும் கீழும் சுவரைக் கூட்டினால் மொத்த உயரம் 668 மி.மீ. அப்போது எல்லோரும் சொன்ன அளவு 235/75 ஆர்15. அதைக் கூட்டினால் 733 வரும். 65 மி.மீ. பெரியது. ஆனால் அச்சு உயர்வது அதில் பாதிதான், 33 மி.மீ. கடைக்காரர்கள் முழு எண்ணைச் சொல்வார்கள். பாதி எண்ணை நினைவில் வையுங்கள்.

33 மி.மீ. எனக்குத் தாராளம். கல்லைத் தாண்டிவிடும். ஐந்து டயர் வாங்கினேன். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும். ஃபோர் வீல் போட்டிருக்கும்போது முன்னும் பின்னும் வேறு வேறு உயர டயர்கள் சுற்றினால், நடுவில் டிஃப்ரன்ஷியல் இல்லாத இந்த மாதிரி வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் சக்தியைப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ்தான் அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொண்டு தேயும்.

வாங்கிய பிறகுதான் ரிம் பிரச்சினை தெரிந்தது. ஜிப்ஸியின் ரிம் ஐந்தரை அங்குல அகலம். 235/75 ஆர்15 டயருக்குக் குறைந்தது ஆறு அங்குலம் வேண்டும். ‘மாட்டினால் மாட்டும்’ என்றார்கள். மாட்டும்தான். ஆனால் குறுகிய ரிம்மில் டயர் நடுவில் புடைத்துக்கொண்டு, நடுப்பகுதி மட்டும் தேயும். வளைவில் பக்கச் சுவர் மடங்கும். ஏழு அங்குல ரிம் வாங்கினேன். அது சக்கரத்தை வெளியே தள்ளியது. மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த டயர், மழையில் சேற்றை அள்ளிக் கதவு முழுவதும் பூசியது. சக்கரம் வெளியே போகப் போக, வீல் பேரிங்குக்கும் ஸ்டியரிங்குக்கும் சுமை கூடும். பள்ளத்தில் விழும்போதெல்லாம் ஸ்டியரிங் கையை இழுத்தது.

டயர் எங்கே உரசுகிறது என்று பார்க்க மெக்கானிக் அண்ணன் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கொட்டாங்குச்சியில் சுண்ணாம்பைக் குழைத்து, முன் டயரின் தோள்பட்டை முழுக்கத் தேய்க்கச் சொன்னார். வண்டியை ஒரு மண்மேட்டுக்குக் கொண்டு போய், முன் இடது சக்கரத்தையும் பின் வலது சக்கரத்தையும் ஏற்றி வண்டியை முறுக்கி நிறுத்தினார். ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பினார். பிறகு டார்ச் அடித்துப் பார்த்தோம். பம்பரின் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. மட்கார்டின் பின்பக்க மடிப்பில் திட்டுத் திட்டாக வெள்ளை. உள்பக்கம் ஸ்பிரிங் பட்டையின் ஓரத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தடம். உரசும் இடங்கள் எல்லாம் வரைபடம் போலத் தெரிந்தன. சமதளத்தில் நிறுத்தி ‘ஒன்றும் உரசவில்லை’ என்று சொல்கிற சோதனைக்கு அர்த்தமே இல்லை. பட்டை முழுதாக அமுங்கி, ஸ்டியரிங் முழுதாகத் திரும்பியிருக்கும்போதுதான் உண்மை தெரியும்.

பம்பர் ஓரத்தை வெட்டினோம். மட்கார்டு மடிப்பைத் தட்டி உள்ளே திருப்பினோம். பட்டையில் உரசுவதைத் தடுக்க, ஸ்டியரிங்கை ஓர் அளவுக்கு மேல் திரும்ப விடாத ஸ்டாப்பர் போல்ட்டை வெளியே திருகி வைத்தார். உரசல் நின்றது. அதற்கு விலையாக வண்டி திரும்பும் வட்டம் பெரிதானது.

அதே நாள் அவர் இன்னொன்றையும் காட்டினார். வண்டியின் சேசிஸை ஜாக்கியால் தூக்கி, சக்கரங்களைத் தொங்கவிட்டார். சேசிஸிலிருந்து அச்சுக்குப் போகும் பிரேக் எண்ணெய்க் குழாய், அதாவது ஹோஸ், விறைத்துப்போய், வீணைத் தந்தி மாதிரி நின்றது. தூக்கிய வண்டியில் பழைய நீள ஹோஸையே விட்டிருந்தார்கள். ஒரு பெரிய குழியில் சக்கரம் முழுதாக இறங்கியிருந்தால் அது அறுந்திருக்கும். எத்தனை மாதங்கள் அப்படியே குடும்பத்தோடு மலைப்பாதையில் போய் வந்திருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு வயிறு கலங்கியது. லிஃப்ட் போட்ட வண்டி வைத்திருப்பவர்கள், டயரை விடுங்கள், முதலில் இதைப் பாருங்கள். சக்கரத்தைத் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். நிற்கும் வண்டியில் தெரியாது.

கல் விஷயம் தீர்ந்தது. 235 டயரில் ஓடையைத் தாண்டினேன், சத்தமே இல்லை. சந்தோஷமாக இருந்தது. அப்புறம் வால்பாறை போனேன்.

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். எத்தனையோ தடவை ஏறிய பாதை. மூன்றாவது கியரில் முனகாமல் ஏறிய இடங்களிலெல்லாம் இரண்டாவதுக்கு இறக்க வேண்டியிருந்தது. சில வளைவுகளில், திருகி வைத்த ஸ்டாப்பர் போல்ட்டின் புண்ணியத்தால், ஒரே மூச்சில் திரும்ப முடியாமல் பின்னால் எடுத்துத் திருப்பினேன். மேலிருந்து வந்த பேருந்து எனக்காக நின்றது. ஒன்பதாவது வளைவில் காட்சிமுனை இருக்கிறது, அங்கே நிறுத்தி யோசித்தேன். இந்த இஞ்சின் 80 குதிரைசக்தி. இழுவை 103 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,500 சுற்றில். டயரின் உயரம் பத்து சதவீதம் கூடினால், ஒவ்வொரு கியரும் பத்து சதவீதம் நீளமாகிவிடுகிறது. எல்லாக் கியரிலும் இழுவை அதே அளவு குறைகிறது. இறங்கும்போது இஞ்சின் பிடிப்பதும் குறைகிறது. அதே வேகத்தில் நிறுத்த பிரேக்குக்கு வேலை கூடுகிறது. பழைய சக்கரத்தையும் புதியதையும் ரிம்மோடு எடை போட்டுப் பார்த்திருந்தேன்: 19 கிலோ, 24 கிலோ. சக்கரத்தில் கூடும் எடை சுற்ற வேண்டிய எடை. டிக்கியில் வைக்கும் ஐந்து கிலோ மாதிரி அல்ல அது. இறக்கத்தில் டிரம் சூடான வாசனை எனக்கு எட்டியது.

மீட்டரும் பொய் சொல்லத் தொடங்கியிருந்தது. பொள்ளாச்சி–உடுமலை சாலையில் கிலோமீட்டர் கற்களை வைத்துப் பார்த்தேன். பத்துக் கல் தாண்டியபோது முன்பு ட்ரிப் மீட்டர் 10.1 காட்டும், இப்போது 9.2. முள் 60-ல் இருந்தால் அசலில் 65-ஐத் தொடுகிறது. மைலேஜ் கணக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. எனக்கு மீட்டர்படி லிட்டருக்கு ஒன்பதரை வந்தது. திருத்திப் பார்த்தால் 10.3. முன்பு 12 கொடுத்த வண்டி.

இழுவையைத் திரும்பக் கொண்டுவர டிஃப்ரன்ஷியலுக்குள் இருக்கும் பற்சக்கர ஜோடியான கிரவுன் பினியனை மாற்றலாம். முன்னும் பின்னும் ஒரே விகிதத்தில் இரண்டையும் மாற்ற வேண்டும். அதைச் செய்தவர்களின் வண்டியை ஓட்டிப் பார்த்திருக்கிறேன், அருமையாக இருக்கும். ஆனால் பட்டை, ரிம், டயர், ஹோஸ், ஷாக் அப்சார்பர் என்று போய் இப்போது அச்சுக்குள்ளேயே கையை வைக்க வேண்டியிருக்கிறதே என்று தயங்கினேன். பின்கதவில் தொங்கும் 24 கிலோ ஸ்டெப்னி வேறு கதவுக் கீலை இழுத்து, மூடும்போதெல்லாம் கதவைத் தூக்கிப் பிடிக்க வைத்தது.

அந்த சமயத்தில்தான் கொழுக்குமலை போனேன். தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருந்தாலும், ஜீப் ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்து. அந்தப் பாதையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பாதை என்பதைவிட, கற்கள் கொட்டிய சரிவு என்று சொல்லலாம். விடியற்காலை இருட்டில் ஜீப்புகள் வரிசையாக ஏறும். என் கண் டயரிலேயே இருந்தது. ஒல்லியான 16 அங்குல டயர்கள். உயரம் உண்டு, அகலம் இல்லை. எனக்கு ஓட்டிய அண்ணன் போடிக்காரர். இத்தனை கல்லில் அடியில் ஒன்றும் தட்டவில்லையே என்று கேட்டேன். “கல்லை வயித்துக்குக் கீழ விடக்கூடாது சார். டயர்ல ஏத்திரணும். டயர் ஏறிட்டா அச்சும் ஏறிரும்ல” என்றார். சொல்லிக்கொண்டே முன் வலது சக்கரத்தை ஒரு தலையளவு கல்லின் மேல் பூனை ஏறுவது போல ஏற்றி இறக்கினார். நடக்கிற வேகம்தான். வேறு எந்த வித்தையும் இல்லை. மேலே போய்ச் சேரும்வரை அவர் சக்கரம் ஒரு தடவைகூட வெறுமனே சுழலவில்லை.

பெரிய டயருக்கு நியாயம் இருக்கும் நிலங்கள் உண்டு. ஐஸ்லாந்தில் ஆர்க்டிக் டிரக்ஸ் என்ற நிறுவனம் ஹைலக்ஸ் மாதிரி வண்டிகளுக்கு 38 அங்குலம், 44 அங்குல டயர்கள் மாட்டுகிறது. காற்றை மிகவும் இறக்கி, டயரைத் தோசை மாதிரிப் பரத்தி, புதைபனியின் மேல் மிதந்து போவதற்காக அது. அங்கே அந்த அளவு தேவை. நம் ஊர் ஓடை மணலில் எனக்கு வேண்டியது அந்த மிதப்பில் ஒரு துளி. அது காற்றை 16 பிஎஸ்ஐ-க்கு இறக்கினாலே கிடைத்துவிடுகிறது. டயரின் தடம் நீளமாகப் படிகிறது, மணலில் புதைவதில்லை. சாதாரண ரிம்மில் அதற்குக் கீழே போனால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் ஆபத்து உண்டு. தார் ரோட்டுக்கு வருமுன் திரும்பக் காற்று அடித்துக்கொள்ளச் சின்ன கம்ப்ரசர் ஒன்று வேண்டும். நான் வாங்கியதிலேயே உருப்படியான சாமான் அதுதான்.

சட்டத்தையும் சொல்லாமல் விடக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களிலிருந்து வண்டி மாறும்படி மாற்றம் செய்யக்கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்த ஆண்டுச் சட்டத்திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அபராதத்தைவிட எனக்குப் பயம் காப்பீடுதான். விபத்து ஒன்று நடந்து, அளவு மாறிய டயரையும் தூக்கிய சேசிஸையும் காட்டி இழப்பீட்டை மறுத்தால், அடிபட்டவருக்கு நான் என்ன பதில் சொல்வேன்? மஹிந்திரா தார் மாதிரி இப்போதைய வண்டிகளில் தொழிற்சாலையிலிருந்தே 245/75 ஆர்16 டயர் வருகிறது. கூட்டிப் பார்த்தால் 774 மி.மீ. நான் பாடுபட்டு மாட்டிய டயரைவிட அது நான்கு சென்டிமீட்டர் உயரம். அதையும் போதாது என்று மாற்றுகிற இளைஞர்களைப் பார்க்கும்போது, தம்பி, முதலில் ஒரு வருஷம் அப்படியே ஓட்டுங்கள் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. முன்பக்கம் தனித்தனிச் சஸ்பென்ஷன் உள்ள அந்த வண்டிகளைத் தூக்கினால் டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம் கூடி, ரப்பர் உறை கிழிந்து மண் உள்ளே போகும். முழு அச்சு ஜிப்ஸியைவிட அங்கே விளைவு அதிகம்.

கொழுக்குமலையிலிருந்து வந்தபிறகு காகிதத்தை எடுத்துத் திரும்பக் கணக்குப் போட்டேன். எவ்வளவு பெரிய டயர் நுழையும் என்று பார்த்த கணக்கு அது வரைக்கும். இந்தத் தடவை எவ்வளவு சின்ன டயர் போதும் என்று பார்த்தேன். 215/75 ஆர்15: உயரம் 703. பழையதைவிட 35 மி.மீ. கூட, அச்சு உயர்வது 18. டிஃப்ரன்ஷியலுக்கு அடியில் 22.8 சென்டிமீட்டர். கல் 22. இந்த அளவு டயர் ஐந்தரை அங்குல ரிம்மிலேயே முறையாக உட்காரும். கியர் நீள்வது ஐந்து சதவீதம்தான். லிஃப்ட் இல்லாத ஜிப்ஸியிலேயே உரசாமல் நிற்கும்.

மெக்கானிக் அண்ணனிடம் சொன்னேன். நீள ஷாக்கிளையும் வளைந்த பட்டைகளையும் கழற்றி, கம்பெனிப் பட்டைகளைப் போட்டார். ஸ்டாப்பர் போல்ட்டைப் பழைய இடத்துக்குத் திருகினார். பழைய ரிம்களைத் தேய்த்துப் பெயின்ட் அடித்து 215-ஐ மாட்டினோம். டயர் அளவு மாறியதைக் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்தேன். வண்டி இரண்டு அங்குலம் இறங்கி, தன் உடம்புக்கு ஏற்ற செருப்பைப் போட்ட மாதிரி நின்றது. ரோட்டில் அலைவதும் நின்றது.

தோப்புக்குப் போனபோது தேங்காய் மூட்டைகள் ஏற்றி வர வேண்டியிருந்ததால், சித்தப்பா கவலைப்பட்டார்: “பாரம் ஏத்துனா வண்டி இன்னும் கீழ எறங்குமே, இடிக்காதா?” பாரத்துக்குப் பட்டைதான் அமுங்கும், அச்சு டயர் மேலேயே நிற்கும் என்று சொன்னேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. போகும் திசையிலேயே காட்டுகிறேன் என்று, நான்கு மூட்டையை ஏற்றிக்கொண்டு ஓடையைத் தாண்டி மறுபக்கம் வந்து வண்டியைத் திருப்பினேன். ஓடையில் இறங்கிக் கைநிறையச் சேற்றை எடுத்து, கல்லின் உச்சியில் ஒரு விரல் தடிமனுக்கு அப்பிவைத்தேன். அன்று டயரில் காற்றை இறக்கவில்லை. இறக்கினால் அந்த எட்டு மில்லிமீட்டரும் போய்விடும். முதல் கியர், டிரான்ஸ்ஃபர் கேஸ் லோ-வில் (மெதுவாக, கூடுதல் இழுவையோடு ஓடும் நிலை), ஆக்சிலரேட்டரைத் தொடாமல் மெல்ல ஏறினேன். சித்தப்பா கரையில் குத்துக்காலிட்டுக் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே நிறுத்திவிட்டு இறங்கி வந்து பார்த்தேன். சேற்றின் மேற்பரப்பு கரண்டியால் சீவியது போல வழுவழுவென்று இருந்தது. சித்தப்பா அதை விரலால் வழித்தெடுத்தார். அடியில் கல்லின் மேல் பழைய கீறல் மட்டும் இருந்தது.